மோட்டார் வண்டியின் கூரை

வீட்டுக்குக் கூரை, வண்டிக்குக் கூண்டு என்று பிரித்துச் சொல்வது நம் வழக்கு. இது வெறும் சொல் வேற்றுமை அன்று. கூரை சுவரோடு சேர்ந்து நிற்பது. கூண்டு எடுத்து வைக்கக்கூடியது. மூங்கிலை வளைத்துக் கட்டிப் பாய் போர்த்திய கூண்டை, வைக்கோல் ஏற்றும் நாளில் இருவர் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிடுவர். பெண்டு பிள்ளைகளோடு திருவிழாவுக்குப் புறப்படும் நாளில் மறுபடியும் ஏற்றிக் கட்டுவர். மலாயாவில் தமிழர் ஓட்டிய மாட்டு வண்டிகளில் அத்தாப்பு ஓலை வேய்ந்த கூண்டுகள் இருந்தன. ஓலை மட்கினால் கூண்டு மாறும், வண்டி மாறாது.

மோட்டார் வண்டியின் மேல்மூடி இத்தகைய கூண்டாகத் தொடங்கிக் கூரையாக முடிந்தது. அது எப்போது, எப்படி மாறியது என்பதை அறிந்துகொள்வது வெறும் பழங்கதை ஆராய்ச்சி ஆகாது. பழைய கார் ஒன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, மேற்பகுதியை அறுத்துத் தாழ்த்த வேண்டும் என்ற ஆசை நம் இளைஞர் சிலருக்கும் உண்டு. அறுக்கப் போவது கூண்டா, கூரையா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

நம் பகுதிக்கு முதலில் வந்த மோட்டார் வண்டிக்கு மேல்மூடியே இல்லை. 1896இல் சிங்கப்பூரில் காட்ஸ் சகோதரர்கள் இறக்குமதி செய்த பென்ஸ் வண்டி அது. சிங்கப்பூர் வரலாற்றை எழுதிய பக்லி அதை வாங்கி ஓட்டினார். அது எழுப்பிய ஓசையைக் கேட்டு ஊரார் அதற்குக் காப்பி இயந்திரம் என்று பெயர் சூட்டினர். நம் வெயிலிலும் மழையிலும் திறந்த வண்டியில் உட்கார்ந்து சென்றவரின் பொறுமையை வியக்கத்தான் வேண்டும்.

பிறகு துணிக் கூடாரம் வந்தது, மடக்கலாம், விரிக்கலாம். அக்காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்தது பெரும்பாலும் அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டுமே. அதன்மேல் உடலைக் கட்டியவர்கள் குதிரை வண்டி கட்டிப் பழகிய தொழிலாளர். சென்னையில் 1840இல் கோச் வண்டி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட சிம்ப்சன் கம்பெனியே 1903இல் நீராவிக் கார் ஒன்றையும் செய்து ஓட்டியது. மரச்சட்டம், அதன்மேல் தகடு, அதன்மேல் துணி என்பதே முறை. இம்முறைக்கு வேண்டிய கைகள் பினாங்கிலும் இருந்தன. ஜார்ஜ் டவுனில் பீச் தெருவின் ஒரு பகுதியை ஹொக்கியன் சீனர் 'இரும்படிக்கும் தெரு' என்றே அழைத்து வந்தனர். சிங்கப்பூரில் ஃபோர்டு காரின் அடிச்சட்டத்தின்மேல் ஏழு பேர் உட்காரும் பெட்டியைக் கட்டி, 'கொசு பஸ்' என்ற பெயரோடு தெருவெல்லாம் ஓட்டினார்கள். இன்றைக்கும் கரூரில் பஸ்ஸுக்கும், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிக்கும் உடல் கட்டுவது இவ்வழியில்தான். தொழிற்சாலையிலிருந்து வெறும் அடிச்சட்டத்தை, கூரையும் கதவும் இன்றி, முகத்தில் துணி சுற்றிக்கொண்டு ஓட்டி வரும் டிரைவர்களைத் தமிழ்நாட்டுச் சாலைகளில் காணலாம்.

ஆகவே, அந்தக் காலத்து வண்டியின் மேற்பகுதியை வெட்டுவதும் ஒட்டுவதும் குற்றமும் அன்று, புதுமையும் அன்று. அதுவே அன்றாடத் தொழில்.

மாற்றம் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிலடெல்பியாவில் எட்வர்ட் பட் என்பவர் மரச்சட்டத்தை விலக்கி, முழுவதும் எஃகுத் தகட்டால் உடல் செய்யும் வழியைக் கண்டார். 1914இல் டாட்ஜ் சகோதரர்கள் அதைத் தம் கார்களுக்கு ஏற்றுக்கொண்டனர். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஸ்லோன் தரும் கணக்குப்படி, 1924இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் நூற்றுக்கு 43 மூடிய வகை. 1927இல் நூற்றுக்கு 85. மூன்றே ஆண்டில் திறந்த கார் சிறுபான்மை ஆகிவிட்டது. ஆயினும் மூடிய கார்களிலும் உச்சியின் நடுப்பகுதி மட்டும் துணியாகவே இருந்தது. அவ்வளவு அகலமான எஃகுத் தகடு அப்போது எளிதில் கிடைக்கவில்லை. அகலத் தகடு உருட்டும் ஆலைகள் பெருகிய பின்னரே, 1935ஆம் ஆண்டுக் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே தகட்டாலான உச்சியை வைத்தது. ஃபோர்டு 1937இல் பின்தொடர்ந்தது. கூண்டு கூரையாகிவிட்டது.

கூரை வந்த சூட்டோடு அதை அறுக்கும் கலையும் வந்தது. கலிபோர்னியாவில் முரோக் என்னும் இடத்தில் வறண்டு கிடக்கும் ஏரிப் படுகையில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வேகப் பந்தயம் விட்டனர். 1937இல் இதற்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர். செங்குத்தான கண்ணாடியும் உயர்ந்த உச்சியும் காற்றை எதிர்த்தன. ஆதலின் தூண்களில் சில அங்குலம் அறுத்து எடுத்து உச்சியைத் தாழ்த்தினர். தேவைக்குச் செய்தது போருக்குப் பின் அழகுக்காகச் செய்வதாயிற்று. சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் என்ற சகோதரர்கள் மெர்குரி கார்களை அறுத்துப் பேர் பெற்றனர். 1951ஆம் ஆண்டு மெர்குரி ஒன்றை அவர்கள் முன்புறம் 4 அங்குலமும் பின்புறம் 7 அங்குலமும் தாழ்த்தி அமைத்தது ஹிரோஹாட்டா மெர்குரி எனப் பெயர் பெற்றது. 2022இல் அது பத்தொன்பது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அறுபட்ட கார் அறுபடாத காரைவிடப் பன்மடங்கு விலை பெற்றது என்று கேட்டு நம்மவர் மனம் அலைவதில் வியப்பில்லை. ஆனால் அதை அறுத்தது யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு ஏன்? இங்கேதான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. தூண்கள் நேராக நின்றால் நான்கையும் ஒரே அளவு வெட்டி உச்சியை இறக்கிவிடலாம். சாய்ந்து நிற்கும் தூணைக் குறுக்கினால், மேல் துண்டின் நுனி கீழ்த் துண்டின் நுனியோடு பொருந்தாமல் விலகி நிற்கும். அப்போது உச்சியையே குறுக்காகப் பிளந்து, இடையில் தகட்டுப் பட்டை வைத்து நீட்ட வேண்டும். அல்லது தூணின் சாய்வை மாற்ற வேண்டும். அறுப்பதற்கு முன் வண்டியின் உள்ளே கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்துத் தாங்கு கொடுக்காவிட்டால், உடல் தன் வடிவத்தை மறந்துவிடும். பற்றவைக்கும் சூட்டில் தகடு நெளியும். அதை ஆற்றுவதற்கு ஈரத் துணி வேண்டும். மூட்டுகளை அக்காலத்தில் ஈயத்தை உருக்கிப் பூசி மழுக்கினர். கண்ணாடி மற்றொரு தொல்லை. இரண்டு தகடுகளுக்கிடையே படலம் வைத்த தட்டைக் கண்ணாடியை வெட்டலாம். சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியில் வெட்டுளியை வைத்தால் அது முழுவதும் பொடியாகிவிடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கார்களின் உடலில் தோட்டத்துப் பட்டறைகள் கை வைத்தது அழகுக்காக அன்று, உயிருக்காக. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டத் துரைமார் பலர் தம் கார்களுக்கு எஃகுத் தகடு பொருத்திக்கொண்டனர். பதுங்கியிருந்து சுடுவது சாலையில் அடிக்கடி நிகழ்ந்தது. 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைச் சாலையில் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியே அவ்வாறு கொல்லப்பட்டார். ரப்பர் உருளைகளையும் லாரி அச்சுகளையும் பழுது பார்த்துப் பழகிய கைகள் ஜன்னலுக்குத் தகடு வெட்டி, பார்ப்பதற்கு ஒரு கீற்றுத் துளை மட்டும் விட்டன. பாரத்தால் ஸ்பிரிங் தாழ்ந்தது. வெயிலில் உள்ளே இருப்பவர் வெந்தார். இருந்தும் வண்டி ஓடியது. அடியில் தனியாக ஒரு வலுவான சட்டம் இருந்த வண்டிகள் எந்தப் பாரத்தையும் தாங்கின. இத்தொழிலாளர்களின் பெயரை எந்தத் துரையின் நினைவுக் குறிப்பிலும் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

தமிழ்நாட்டிலோ கார்களின் உச்சி திருமணத்துக்காகப் போயிற்று. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஊரார் காண வேண்டும். மூடிய கார் அதற்கு உதவாது. ஆகையால் பெரிய அமெரிக்கக் கார்களின் திறந்த வகைகளுக்கு முகூர்த்த காலத்தில் பெருங் கிராக்கி இருந்தது. அவை போதாதபோது மூடிய கார்களின் உச்சியை அறுத்தும் ஊர்வல வண்டி செய்தனர். நடை வேகத்தில் நான்கு தெரு சுற்றும் வண்டிக்கு அது பெரிய தீங்கு செய்யவில்லை. இதற்கு மாறான கதையும் உண்டு: 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டபோது அவர் சென்ற லிங்கன் திறந்த வண்டி, பிறகு அதற்கு நிலையான கூரை போட்டு, அமெரிக்க அரசு மேலும் பல ஆண்டுகள் பயன்படுத்தியது.

இவற்றையெல்லாம் முன்மாதிரியாகக் கொண்டு, பினாங்கில் ஒரு காலத்தில் ஆசிரியர் முதல் கிராணிமார் வரை விரும்பி வாங்கிய மோரிஸ் மைனரின்மேல் வாள் வைப்பவர் ஏமாந்து போவார். 1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த அந்தக் காருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. தரை, கதவடி, தூண், கூரை எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, ஒரு முட்டை ஓட்டைப் போலச் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால், இந்தக் காரே அறுபட்டுப் பிறந்த கார். அதைப் படைத்த இசிகோனிஸ், மாதிரி வண்டி குறுகலாக இருப்பதைக் கண்டு, அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் சொல்லி, கண்ணுக்குச் சரியாகப் படும்வரை விலக்கி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் கூடிற்று. முன்பே செய்து வைத்திருந்த பம்பர்களை நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்து விற்றார்கள். பானெட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை இன்றும் அந்தப் பிளவைக் காட்டுகிறது.

ஆனால் இசிகோனிஸ் அறுத்தது வார்ப்பு அச்சுகள் செய்யும் முன்; பிறகு அந்த அகலத்துக்கு ஏற்ப முழு உடலையும் வகுத்தார். நாம் அறுப்பது எல்லாம் முடிந்த பின். தூண்களைக் குறுக்கித் தாழ்த்தினால், மூட்டுகள் சரியாகப் பற்றியிருக்கும்வரை முட்டை ஓடு ஓடாகவே இருக்கும். 1956 வரை வந்த மைனரின் முன் கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள் ஆதலால் அதுவும் கைக்கு அடங்கும். பின் வந்ததன் வளைந்த ஒற்றைக் கண்ணாடி அடங்காது. கூரையையே எடுத்துவிட்டால் கதை வேறு. நடுப்பகுதி மெல்லத் தொய்ந்து, கதவு தன் சட்டத்தில் இறுகும், திறந்தால் மூடாது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது உடல் முறுகும். சாலைப் போக்குவரத்து இலாகா இத்தகைய மாற்றங்களுக்கு முன் அனுமதியும் பரிசோதனையும் கேட்பது வீண் கெடுபிடி அன்று.

மோரிஸ் கம்பெனியே 1948 முதல் 1969 வரை திறந்த மைனர்களையும் விற்றது. கூரை செய்த வேலையைத் தரை செய்ய வேண்டும் என்பதால், அவற்றின் அடியில் கூடுதல் வலுத்தகடுகளை வைத்துப் பற்றவைத்தது. திறந்த மைனர் ஒன்று விலைக்கு வரும்போது, விவரம் தெரிந்தவர் மேலே மடிந்து கிடக்கும் துணியைப் பாராமல், தரையில் முதுகைச் சாய்த்துப் படுத்து வண்டியின் அடியில் அத்தகடுகள் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பார்.