குறட்டையும் ஒரு காற்றுப் பெட்டியும்

குறட்டை விடுகிறவரைப் பார்த்து, "கொடுத்து வைத்த மனுஷன், படுத்ததுமே தூங்கிட்டார்" என்று சொல்வது நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கம். கல்யாண வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர் படுத்திருந்தால், ஒருவருக்காவது கும்பகர்ணன் பட்டம் நிச்சயம். அந்தச் சத்தம் நடுவில் சில விநாடி அடியோடு நின்று, ஒரு திணறலோடு மறுபடி கிளம்புவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. விஷயமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அது மூச்சுப் பாதையையே அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை உலுக்கி எழுப்பும். ஒரு மூச்சு வாங்கியதும் மறுபடி தூக்கம். காலையில் எதுவும் நினைவிருக்காது. பகலெல்லாம் கண் சொக்கும். இதற்குத்தான் ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். பத்து விநாடியாவது மூச்சு நின்றால் கணக்கில் சேர்ப்பார்கள். மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் கடுமையான நிலை. 2016-ல் திருச்சியில் ஒரு இரவு, தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்து எடுத்த சோதனையில் எனக்கு வந்த எண் 41.

மருத்துவர்களுக்கே இது பிடிபட வெகுநாள் ஆயிற்று. 1956-ல் அமெரிக்காவில் பர்வெல் என்பவரும் அவர் குழுவினரும், சீட்டாடும்போதே தூங்கிவிழுந்த ஒரு பருமனான நோயாளியைப் பற்றி எழுதினார்கள். டிக்கன்ஸின் நாவலில் எந்நேரமும் தூங்கும் குண்டுப் பையன் ஒருவன் வருவான். அந்த நாவலின் பெயரால் நோய்க்கு 'பிக்விக்கியன்' என்று பெயரிட்டார்கள். ஆனால் இரவில் தொண்டை அடைபடுவது அவர்கள் கண்ணில் படவில்லை. 1965-ல்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இத்தகைய நோயாளிகளை இரவு முழுக்கக் கருவிகளோடு கவனித்து, மூச்சு திரும்பத் திரும்ப நிற்பதைப் பதிவு செய்தார்கள். அதன்பிறகும் கடுமையான நோயாளிகளுக்கு இருந்த ஒரே உறுதியான வழி, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான்.

1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வேறு வழி பார்த்தார். வாக்குவம் கிளீனர் மோட்டார் காற்றை உறிஞ்சுகிறது. அதையே திருப்பிவைத்தால் காற்றை ஊதுமல்லவா? கழுத்தில் துளை வேண்டாம் என்று தவித்த ஒரு நோயாளி சம்மதித்தார். மூக்கு வழியே காற்று போனதும் அடைப்பு விலகியது. மனிதர் மணிக்கணக்கில் அயர்ந்து தூங்கினார். மறுவருடம், ஐந்து நோயாளிகளின் அனுபவத்தை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அந்த நாளில் முகமூடியைத் தினமும் மூக்கில் பசைபோட்டு ஒட்டவேண்டியிருந்ததாம். இன்று என் தலைமாட்டில் இருக்கும் சி-பாப் மெஷின் அதன் பேரப்பிள்ளை.

பலரும் நினைப்பதுபோல் இது ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லை. அறையில் இருக்கும் காற்றைத்தான் லேசான அழுத்தத்தோடு ஊதுகிறது. அந்த அழுத்தத்தைத் தண்ணீர் உயரத்தால் அளக்கிறார்கள். மேட்டூரில் 120 அடிக்கு எத்தனை குறைவு என்று பேப்பரில் பார்த்தே வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. என் தொண்டைக்கு வேண்டியது 10 சென்டிமீட்டர்.

பழகுவது சுலபம் என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் நடு இரவில் என்னையறியாமல் முகமூடியைக் கழற்றி எறிந்திருப்பேன். பகலில் டிவி பார்க்கும்போது அரைமணி மாட்டிக்கொண்டு பழகினேன். மார்கழிப் பனியில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக் களகளவென்றது. என் மனைவி பழைய வேட்டியைக் கிழித்து அதற்கு உறை தைத்துக் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் 41 என்பது 3 ஆனது. மத்தியானம் பேப்பரை முழுதாகப் படித்து முடித்தேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரை கடந்தது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் கிராமத்தில் கரண்ட் வர மூன்று வாரம் ஆயிற்று. முதல் மூன்று இரவுகள் தலையணையை உயர்த்தி, ஒருக்களித்துப் படுத்தேன். மனைவி சிம்னி விளக்கோடு பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு நின்றபோதெல்லாம் தோளைத் தட்டினாள். நாலாம் நாள் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் வந்தது. அதில் இன்வெர்ட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்து, ஈரப்பதம் தரும் பகுதியை அணைத்துவிட்டு மெஷினை ஓட்டினோம். அன்றைக்குத்தான் அவளும் தூங்கினாள்.

2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி மறைந்தபோது, மருத்துவர்கள் சொன்ன காரணத்தில் இந்த நோயின் பெயரும் இருந்தது. அதற்கப்புறம் நம் ஊர்க்காரர்கள் சிலர் என்னிடம் விசாரித்தார்கள். வாங்கிய மெஷினை, "நோயாளி மாதிரி இருக்கு" என்று பரணில் ஏற்றிவிட்டவர்களும் அதில் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இன்றே அதை இறக்கித் துடைத்து, அரைமணி மாட்டிப் பாருங்கள். மெஷின் இல்லாதவர்கள் இன்றிரவு வீட்டில் யாரையாவது பக்கத்தில் விழித்திருந்து, குறட்டை நிற்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். நின்றால் எத்தனை விநாடி என்று எண்ணச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தக் கணக்கு உதவும்.