துபாஷி வேலைக்கு ஆள் தேவை

போன மாசம் விருதுநகர்ல இருந்து அருப்புக்கோட்டை பஸ்ல வந்துக்கிட்டு இருந்தோம். ரெண்டு பக்கமும் வழக்கம்போல சீமைக்கருவேல், நடுநடுவே கரிசல். பாலவனத்தம் தாண்டுறப்ப அக்கா மகள் செல்போனை நீட்டினாள்.

"மாமா, 'இருமொழிச் செயலாளர் தேவை'ன்னு போட்டிருக்கான். டைப் அடிக்கிற வேலைதானே?"

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனா பாலவனத்தத்துல வச்சு இந்தக் கேள்வி கேட்டா வாய் சும்மா இருக்குமா?

நம்ம பக்கம் இந்த வேலைக்குப் பழைய பேரு துபாஷி. ரெண்டு பாஷை தெரிஞ்சவர். வெள்ளைக்காரத் துரைக்கும் ஊர்க்காரனுக்கும் நடுவுல நின்னு பேசுறவர், எழுதுறவர், வியாபாரமும் பார்க்கிறவர். சம்பளத்தை விட தரகுல சம்பாதிச்சவங்க அதிகம். பச்சையப்ப முதலியார் ஞாபகம் வருதா? கல்லூரிப் பேரா நமக்குத் தெரிஞ்ச அவரும் 18ஆம் நூற்றாண்டுத் துபாஷிதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1709ல சென்னை பெரம்பூர்ல பிறந்தவர். அவரோட அப்பாவின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் பெரிய துபாஷி. பணம், செல்வாக்கு எல்லாம் இருந்தது. 1716ல கவர்னர் எபேர் அவரைப் பிடிச்சு உள்ளே போட்டார். தமிழ்ச் சாட்சிகள் சொன்னது போர்த்துகீசியத்துக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போச்சு. ஊருக்கே மொழிபெயர்த்தவர், தன் தலைவிதியை இன்னொருத்தர் மொழிபெயர்க்கப் பார்த்துக்கிட்டு நின்னார். 50 கசையடி, அபராதம், சிறை. 1717ல சிறையிலேயே செத்தும் போனார். பிற்பாடு அந்தத் தீர்ப்பு ரத்தாச்சு. செத்தவருக்கு என்ன லாபம்?

இதை எல்லாம் சின்ன வயசுல பார்த்து வளர்ந்த ரங்கப் பிள்ளைதான் அதே வேலைக்குப் போறார்! 1736 செப்டம்பர்ல நாட்குறிப்பு எழுத ஆரம்பிக்கிறார். துரை என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், கப்பல்ல என்ன சரக்கு வந்தது, யார் யாரைப் பத்திக் கோள் சொன்னா, எல்லாம் அதுல இருக்கு. 1746ல கனகராய முதலியார் இறந்த பிறகு துய்ப்ளேக்சுக்குப் பெரிய துபாஷி ஆனார். ஒரு சிக்கல், துரையோட மனைவி புதுச்சேரியிலேயே பிறந்தவர், அந்தம்மாவுக்கும் தமிழ் தெரியும். மொழிபெயர்ப்பாளனுக்கு இதை விட வேற தலைவலி வேணுமா? அந்தம்மாவைப் பத்தி நாட்குறிப்புல மனுஷன் பொருமித் தள்ளியிருக்கார்.

"அது பாண்டிச்சேரி மாமா. பாலவனத்தத்துக்கு என்ன?"ன்னா அவ. நியாயமான கேள்வி.

பாண்டித்துரைத் தேவரைப் பாலவனத்தம் ஜமீன்தார்னு எல்லாருக்கும் தெரியும். 1901ல மதுரைத் தமிழ்ச் சங்கத்தை ஆரம்பிச்சவர். வ.உ.சி. 1906ல தொடங்கின சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவரா இருந்தவர். ஆனா அவர் பிறந்த அடுத்த வருஷம், 1868ல, குடும்பத்தோட தலைவிதி லண்டன்ல தீர்மானம் ஆச்சு. இராமநாதபுரம் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், கணவர் இறந்து பல வருஷம் கழிச்சு 1847ல முத்துராமலிங்கத்தைத் தத்து எடுத்திருந்தார். பாண்டித்துரையின் அப்பா பொன்னுசாமித் தேவரோட உடன்பிறந்தவர்தான் இந்த முத்துராமலிங்க சேதுபதி. 'புருஷன் அனுமதி இல்லாத தத்து செல்லாது, ஜமீன் சர்க்காருக்கு வரணும்'னு மதுரை கலெக்டர் தரப்பு. பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. சமஸ்கிருத சாஸ்திரம், தென்னாட்டு வழக்கம், மறவர் குடும்ப உறவுமுறை எல்லாத்தையும் இங்கிலீஷ் காகிதமா மாத்தி கடல் தாண்டி அனுப்பணும். ஒரு வார்த்தை பிசகினா ஒரு நாடே போயிடும். கடைசியில தத்து செல்லும்னு தீர்ப்பு. ஏட்டுச் சட்டத்தை விட நடைமுறை வழக்கத்துக்கு மதிப்புன்னு சொன்ன அந்தத் தீர்ப்பை வக்கீல்மார் பிறகு ரொம்ப காலம் எடுத்துக்காட்டிக்கிட்டே இருந்தாங்க. சேதுபதி பேரு இருக்கு, கலெக்டர் பதவி இருக்கு. அந்தக் காகிதங்களை ராத்திரி விளக்குல உட்கார்ந்து ரெண்டு பாஷையிலயும் எழுதினவங்களை யாரு ஞாபகம் வச்சிருக்கா?

அதுக்கப்புறம் டைப்ரைட்டர் காலம். 1956ல தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்ததும் ஆபீசுக்கு ஆபீஸ் ரெண்டு மெஷின் தேவைப்பட்டுது. தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணினவங்களுக்கு சர்க்கார் தட்டச்சர் வேலையில முதல் இடம். எங்க தெருவுலேயே அந்த ரெண்டு சர்ட்டிபிகேட்டால கரையேறின குடும்பம் மூணு உண்டு.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. "அப்ப அப்ளை பண்ணட்டுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க"ன்னா.

பண்ணச் சொன்னேன். இங்கிலீஷ் ஹையர் ஏற்கெனவே முடிச்சிட்டா, தமிழ் பாக்கி. திங்கட்கிழமை சேர்ந்துட்டா. சாயங்காலம் வந்து விரலை நீவிக்கிட்டே புகார்: "மாமா, தமிழ் மெஷின்ல 'க்' அடிக்கணும்னா புள்ளியை முதல்ல அடிக்கணுமாம், எழுத்து அப்புறமாம். எல்லாம் தலைகீழா இருக்கு!"