கூடைக்கயிற்றுக்குக் கீழே முடி

இலங்கைத் தேயிலை விளம்பரத்தில் சிரிக்கிற பெண்ணின் தலையில் ஒரு துணி இருக்கும். நூறு வருடத்துக்கு மேலாக அவள் அப்படியே இருக்கிறாள். கொழும்பில் பிளாட்டே போன்ற ஸ்டூடியோக்காரர்கள் விற்ற அஞ்சலட்டைகளிலும் அவள்தான், பிறகு கடல் தாண்டிப் போன சுவரொட்டிகளிலும் அவள்தான். இன்று நுவரெலியா போகிற வழியில் சுற்றுலாக்காரர்களுக்குச் சேலை சுற்றி, கூடை மாட்டிப் படமெடுத்து அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. அங்கேயும் அந்தத் துணி தவறாது. பார்க்கிறவர்கள் அதை மலையகத் தமிழர்களான நம்முடைய பாரம்பரிய உடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகளும் அப்படி நம்பத் தொடங்கியிருப்பதுதான் எனக்குக் கவலை. கலைவிழா வந்தால் போதும், நடனத்துக்குத் தலைத்துணி வேண்டும் என்று வந்து நிற்பார்கள். “துணி கட்டுவதென்றால் கயிற்றையும் போடுங்கள், கூடையில் பதினெட்டுக் கிலோவும் இருக்கட்டும்” என்பேன். ஹட்டன் பக்கத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இதனால் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு.

அந்தத் துணி எதற்கு என்பதை என் அம்மாயியின் தலையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே, உச்சிக்குச் சற்று முன்னால் விழும். கொழுந்து ஏற ஏறக் கயிறு இறுகும். துணியை மடித்துச் சும்மாடு மாதிரி அடியில் கொடுக்காவிட்டால் தோல் உரிந்துபோகும். காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினால், கொழுந்து நிறுக்கிற நேரங்கள் தவிர மற்ற நேரமெல்லாம் பாரம் தலையில்தான். முப்பது வருடத்துக்கு மேல் இப்படிப் போனதில் அம்மாயியின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடி மெலிந்து, தோல் மினுங்கிக்கொண்டிருந்தது.

கொண்டையின் இடத்தைத் தீர்மானித்ததும் அந்தக் கயிறுதான். உயரக் கொண்டை போட்டால் கயிறு நிற்காது. பின்னலைத் தொங்கவிட்டால் கூடைக்கும் முதுகுக்கும் நடுவில் சிக்கும், தேயிலை வாதிலும் மாட்டும். ஆகவே வகிடு எடுக்காமல் எண்ணெய் வைத்துப் படிய வாரி, பிடரியில் இறுக்கி முடிவது வழக்கமாயிற்று. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்டதிலிருந்து கணக்குப் பார்த்தால், இந்தக் கொண்டைக்கு வயது ஏறத்தாழ நூற்றறுபதுதான் இருக்கும். மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் அங்கே என்னென்ன விதமாக முடிந்திருப்பார்களோ, இங்கே வந்ததும் எல்லார் தலையும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. மூங்கில் கூடை போய் இப்போது நைலோன் பை வந்துவிட்டது. கயிறு மட்டும் அதே இடத்தில்.

தோட்டத்து நாவிதர் செக்றோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், பேர் உள்ளவர். அவர் கை ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான். பெண்கள் தலையைப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வரிசை வீடுகளான லயத்து வாசலில் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் தலையை ஒருவர் பார்ப்பார்கள். பேன் எடுக்கிற சாக்கில் சீட்டுக்காசு, கல்யாணப் பேச்சு, கங்காணி மீதான வசவு, எல்லாம் அங்கே நடக்கும். தொழிற்சங்கத்துக்குச் சந்தா கொடுப்பதா என்றுகூட அங்கேதான் முடிவு செய்ததாக அம்மாயி சொல்லுவார்.

ஆண்களின் குடுமிக் கதை வேறு. பெரியார் 1932இல் ஐரோப்பாவிலிருந்து திரும்புகிற வழியில் இலங்கைக்கு வந்துபோனார். பின்னால் திராவிட இயக்கம் தோட்டங்களிலும் கால் ஊன்றியது. குடுமி போனதற்கு இயக்கம் ஒன்றே காரணமில்லை என்றாலும், கிராப்பு வைப்பது சுயமரியாதை என்று பேசப்பட்ட காலம் அது. பெண்களும் முடியை வெட்டிக்கொள்ளலாம், அதனால் எவ்வளவோ நேரம் மிச்சம் என்று பெரியார் சொன்னதுண்டு. பிள்ளைகளுக்கு அண்ணாதுரை, கருணாநிதி என்று பெயர் வைத்த எங்கள் லயத்து ஆண்களின் காதில் இந்த ஒரு பேச்சு மட்டும் விழாமல் போனது எப்படியோ!

முடி வெட்டப்பட்ட பெண்பிள்ளைகள் அப்போதும் இருந்தார்கள். கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினி கிடந்தபோது என் சின்னம்மாவைப் பன்னிரண்டு வயதில் ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். போய்ச் சேர்ந்த அன்றே வீட்டு அம்மா பேன் என்று சொல்லி, கழுத்துக்கு மேலே ஒட்ட வெட்டிவிட்டாராம். தீபாவளிக்குச் சின்னம்மா ஊருக்கு வந்தபோது எங்கே இருந்துவிட்டு வருகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தலையைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளின் அடுப்படியில் இப்படிக் குட்டைமுடியோடு ஒரு மலையகப் பிள்ளை நின்றிருக்கும். சின்னம்மாவிடம் பெரியார் சொன்னதை ஒருநாள் சொன்னேன். “அவர் என்னையக் கேட்டுட்டு வெட்டச் சொல்லியிருப்பாரு” என்றார். பெண்ணியம் பற்றி நான் படித்த புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமாக எவரும் சொல்லவில்லை.

1983 ஜூலையில் அம்மா கண்டியிலிருந்து ஹட்டன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். தமிழருக்கு எதிரான கலவரம் மலைநாட்டுப் பக்கமும் பரவிவிட்டது என்ற பேச்சு பஸ்ஸுக்குள் வந்ததும் கனகாம்பரத்தை ஜன்னல் வழியே போட்டார், தாலியைச் சட்டைக்குள் விட்டார், பொட்டை அழித்தார். பின்னலை அவிழ்த்தபோது கை நடுங்கியதாம். பக்கத்து இருக்கைச் சிங்கள அம்மா ஒருவர் ஒன்றும் பேசாமல் முடியைத் தன் கையில் வாங்கி, தங்கள் வழக்கப்படி தாழ முடிந்து, தன் கொண்டை ஊசியையே குத்திவிட்டிருக்கிறார். “பொட்ட அழிச்சிரலாம். அந்தத் தடம் இருக்கே, அத என்ன செய்யறது?” என்று அம்மா பின்னால் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருடக்கணக்காகக் குங்குமம் வைத்த நெற்றியில் தோல் நிறம் மாறியிருக்கும். முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

2000 அக்டோபர் 25இல் பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு மலையக ஊர்களில் பதற்றம். நான் அப்போது பாடசாலை மாணவி. பஸ் ஏறும்போது பொட்டை எடுத்துக் கைக்கடிகாரத்தின் அடியில் ஒட்டிக்கொள்வோம், வகுப்புக்குள் போனதும் திரும்ப வைப்போம். ஸ்டிக்கர் பொட்டு வந்திருந்தது. அம்மாவின் தலைமுறைக்கு அந்த வசதி இல்லை.

தலைத்துணிக்கு வேறு நாட்டிலும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் லூசியானா ஸ்பெயின்காரர் ஆட்சியில் இருந்தபோது, 1786இல் எஸ்தெபான் மிரோ என்ற கவர்னர் ஓர் ஆணை போட்டார். சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் தலை அலங்காரத்தோடு வெளியே வரக் கூடாது, துணியால் முடியை மறைக்க வேண்டும். அந்தப் பெண்கள் விலைகூடிய துணி வாங்கி, விதவிதமாகக் கட்டி, மறைக்கச் சொன்ன துணியையே அலங்காரமாக்கிக்கொண்டார்கள். கறுப்பினத்தவரின் இயல்பான சுருள்முடியையும் சடைப்பின்னலையும் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டம் வர 2019 ஆகிவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னபோது, “நமக்கும் அப்படிச் சட்டம் போட்டாங்களா டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. போடவில்லை. கயிறு, பஞ்சம், பஸ்ஸில் ஏறுகிறவன் யாரோ என்ற பயம், இவற்றுக்குச் சட்டம் எதற்கு?

இப்போது ஹட்டன் டவுனில் முடியை நேராக்கிவிடுகிற பார்லர்கள் வந்துவிட்டன. பண்டிகைக்குக் கொழும்பிலிருந்து வருகிற கடைப் பிள்ளைகளும் கார்மெண்ட்ஸ் பிள்ளைகளும் அங்கே காத்திருக்கிறார்கள். தோட்டக்காட்டுப் பிள்ளை என்று தெரியக் கூடாது என்பதற்காகச் சிலர் செய்கிறார்கள், அழகுக்காகச் சிலர். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, அவர்களிடம் கேட்கப் போவதுமில்லை. பெரியவர்கள் கேலி செய்வதைத்தான் சகிக்க முடிவதில்லை.

என் சித்தப்பா மகள் பொகவந்தலாவைப் பக்கம் இன்னும் கொழுந்து எடுக்கிறாள். போன வருடம் தோள் அளவுக்கு முடியை வெட்டிக்கொண்டாள். புருசன் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார்தான் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார். ஏன் வெட்டினாய் என்று கேட்டேன். மழையில் நனைந்தால் சீக்கிரம் காயுமாம், ஷாம்பு பாக்கெட் ஒன்று இரண்டு தடவைக்கு வருமாம். “அதோட, எனக்கு இது நல்லாருக்குக்கா” என்றாள். தலைத்துணிக்குப் பதில் அவள் இப்போது போட்டுக்கொள்வது மகனுடைய கிரிக்கெட் தொப்பி. கயிற்றை அதற்கு மேலேதான் மாட்டுகிறாள். தொப்பி முனை கண்ணை மறைக்கிறது என்று பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறாள்.