ஹூலா ஈரநிலம்

இஸ்ரேலின் வடகிழக்கு மூலையில், யோர்தான் ஆற்றின் மேற்பகுதியில் அமைந்த ஈரநிலம். 1950-களில் ஏறக்குறைய முழுவதும் வடிக்கப்பட்ட இதன் ஒரு சிறு பகுதியில் 1994-இல் மீண்டும் நீர் தேக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே வலசை போகும் பறவைகளைக் காணவும், நடக்கவும், மிதிவண்டி ஓட்டவும் இங்கு மக்கள் வருகின்றனர்.

அமைப்பு: மேற்கே கலிலேய மலைகள், கிழக்கே கோலான் மேட்டுநிலம், வடக்கே எர்மோன் மலை. இவற்றுக்கு நடுவே, தெற்கே சாக்கடலையும் கடந்து நீளும் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் ஒரு துண்டாக ஹூலா கிடக்கிறது. தான், பனியாஸ், ஹஸ்பானி ஆகிய ஓடைகள் கூடி யோர்தானாகி இப்பள்ளத்தாக்கில் இறங்குகின்றன. தென்கோடியில் எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை மேடு குறுக்கே நிற்பதால், வந்த நீர் தேங்கி ஏரியும் சதுப்பும் உண்டாயின. பழைய ஏரி கடல் மட்டத்துக்குச் சுமார் 70 மீட்டர் மேலே இருந்தது. நீளம் 5 கி.மீ.க்குச் சற்று அதிகம். ஆழமோ ஆள் நின்றால் தலை மூழ்கும் அளவைவிடச் சிறிதே மிகுதி. அதன் வடக்கே பாபிரஸ் கோரை காடாய் வளர்ந்திருந்தது.

பழங்காலம்: பறவை பார்க்க வருவோர் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. மனிதன் நெருப்பை ஆண்டதற்கான மிகப் பழைய சான்றுகளுள் சில இப்பள்ளத்தாக்கின் தென்கோடியில் உள்ளன. யோர்தான் கரையிலுள்ள கெஷெர் பெனோட் யாகோவ் என்னும் அகழாய்விடம் சுமார் 7,80,000 ஆண்டுகள் பழமையானது. அங்கே தீயில் வெந்த சக்கிமுக்கிக் கற்களும், யானையின் மண்டையோடும், ஈரமண் காத்துவைத்த மரத்துண்டுகளும் விதைகளும் கிடைத்தன. 2022-இல் வெளியான ஆய்வு, அங்குக் கிடைத்த மீன் பற்களைக் கொண்டு, ஹூலா ஏரியின் கெண்டையின மீன்களை அம்மக்கள் அளவான சூட்டில் சமைத்து உண்டனர் என்று காட்டியது.

ஏரியின் மேற்குப் புறத்தில் ஐன் மல்லாஹா ஊற்றருகே, 1955 முதல் தொல்லியலாளர் ழான் பெரோ அகழ்ந்த குடியிருப்பு, நட்டூஃபியப் பண்பாட்டைச் சேர்ந்தது. வேளாண்மை தோன்றுமுன்னரே மக்கள் வட்ட வடிவக் கல்வீடு கட்டி ஓரிடத்தில் தங்கினர் என்பதற்கு இவ்வூர் சான்று. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை ஒன்றில், முதிய வயதினர் ஒருவர் நாய்க்குட்டியின் மேல் கை வைத்த நிலையில் புதைக்கப்பட்டிருந்தார். மீனும் பறவையும் ஆண்டு முழுதும் கிடைத்த சதுப்பு இம்மக்களை அலையாமல் நிறுத்தியிருக்கலாம்.

ரோமர் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் இந்த ஏரியை செமகோனிட்டிஸ் என்று குறிக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் ஜான் மெக்கிரெகர், ‘ராப் ராய்’ என்ற தம் சிறு துடுப்புப் படகில் இச்சதுப்பைச் சுற்றி அளந்தார். உள்ளூர் அராபியர் அவரைப் படகோடு தூக்கித் தங்கள் தலைவரின் கூடாரத்துக்கே கொண்டுபோயினர். அவருடைய பயணநூல் 1869-இல் வெளியானது. பொழுதுபோக்குக்காக ஹூலாவில் துடுப்புப் போட்டவர்களுள் இவரை முன்னோடி எனலாம்.

அப்போது இங்கு வாழ்ந்தவர்கள் கவாரினா என்னும் அராபியர். எருமை மேய்த்தும், மீன் பிடித்தும், பாபிரஸ் தண்டில் பாய் நெய்தும் பிழைத்தனர். குடிசைகளும் அப்பாயால் ஆனவையே. 1883-இல் மேற்குக் கரையில் யெசுத் ஹமாலா என்ற யூதக் குடியேற்றம் தோன்றியது. அங்கு மலேரியாவுக்குப் பலர் இரையாயினர். 1948 அரபு-இஸ்ரேல் போரில் கவாரினா சிற்றூர்கள் வெறுமையாயின.

வடிகால் திட்டம்: சதுப்பை வடிக்கும் உரிமையை 1914-இல் உதுமானிய அரசு பெய்ரூட் வணிகர்களுக்கு அளித்தது. 1934-இல் அது யூத நிலவளர்ச்சி நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. 1951-இல் தொடங்கிய பணி 1958-இல் முடிந்தது. யோர்தானின் போக்கை ஆழப்படுத்தி, கால்வாய்கள் வெட்டி, ஏரியையும் சதுப்பையும் உலர்த்தினர். சுமார் 60 சதுர கி.மீ. விளைநிலமானது. மலேரியாவை ஒழிக்கவே இது செய்யப்பட்டதென்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் 1940-களிலேயே டி.டி.டி. தெளிப்பு அந்நோயைப் பெரிதும் அடக்கிவிட்டது. நிலத்தின் மீதான ஆசையும் பெரிய காரணம்.

பலன் எதிர்பார்த்தபடி அமையவில்லை. நீருக்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து கிடந்த தாவரப் படிவு, காற்று பட்டதும் சிதைந்து தாழ்ந்தது. நிலத்துக்குள்ளேயே தீப்பற்றிப் புகைந்தது. உலர்ந்த கருமண் புழுதியாய்ப் பறந்தது, வயலெலிகள் பெருகின. கரைந்த நைட்ரேட்டு கீழே கலிலேயக் கடல் என்னும் ஏரிக்கு, அதாவது நாட்டின் குடிநீர்த் தொட்டிக்கு, இறங்கியது. ஹூலாவுக்கே உரிய மீனினம் ஒன்று அடியோடு மறைந்தது.

இத்திட்டத்தை எதிர்த்தவர்களின் முயற்சியில் 1953-இல் இஸ்ரேல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று. அவர்கள் போராடிக் காத்த சிறு துண்டு, 1964-இல் நாட்டின் முதல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1955-க்குப் பின் காணப்படாமல், 1996-இல் அற்றுப்போனதாகவே அறிவிக்கப்பட்ட ஹூலா வண்ணத்தவளை, 2011-இல் இக்காப்பகத்தில் உயிரோடு அகப்பட்டது. புதைபடிவங்களாக மட்டுமே அறியப்பட்டிருந்த லட்டோனியா பேரினத்தைச் சேர்ந்தது இது என 2013-இல் நிறுவப்பட்டது. 

மீட்பு: வேளாண்மைக்கு உதவாமல் தாழ்ந்துபோன பகுதியில் யூத தேசிய நிதியம் 1994-இல் மீண்டும் நீர் பாய்ச்சியது. அகமோன் எனப்படும் இப்புதிய ஏரி சுமார் 1 சதுர கி.மீ. மட்டுமே. ‘ஹூலா மீட்கப்பட்டது’ என்ற வழக்கை இந்த அளவோடு சேர்த்தே கொள்ளவேண்டும்.

பார்வையிடல்: காப்பகமும் அகமோனும் ஒன்றல்ல, சில கி.மீ. இடைவெளியில், வெவ்வேறு நிருவாகத்தில் உள்ளன. நுழைவுக் கட்டணமும் தனித்தனி. காப்பகத்தில் சதுப்பின்மேல் மரப்பாலமும் காட்சிக் கோபுரமும் உண்டு. பாபிரஸ் காடு, எருமை, காட்டுப்பூனை ஆகியவற்றுக்கு அதுவே ஏற்ற இடம். அகமோனைச் சுற்றிவரும் பாதையில் சொந்த வண்டிக்கு அனுமதியில்லை. நடக்கலாம், மிதிவண்டியோ மின்வண்டியோ வாடகைக்கு எடுக்கலாம். தென் அமெரிக்காவிலிருந்து மென்மயிருக்காகக் கொண்டுவரப்பட்டுத் தப்பிப் பெருகிய நூட்ரியா என்னும் நீரெலியைக் கால்வாய்க் கரைகளில் காணலாம்.

வெண் கூழைக்கடாக்களும் செங்கால் நாரைகளும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கடந்து செல்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பல்லாயிரம் சாம்பல் பெருங்கொக்குகள் தங்குகின்றன. இவை நிலக்கடலை வயல்களைக் கிளறியதால், ஒதுக்கிய வயல் ஒன்றில் டிராக்டர் மூலம் மக்காச்சோளம் இறைக்கும் ஏற்பாடு வந்தது. கொக்குகள் டிராக்டருக்கு அஞ்சாததைக் கண்டு, பார்வையாளரை மறைப்பு வண்டியில் ஏற்றி டிராக்டரால் இழுத்துச் செல்கின்றனர். விடியலில் புறப்படும் வண்டியே சிறந்தது. ஆயினும் தீனி போட்டு இத்தனை பறவைகளை ஓரிடத்தில் குவிப்பது நல்லதன்று என்பது 2021 டிசம்பரில் தெரிந்தது: பறவைக் காய்ச்சலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெருங்கொக்குகள் இறந்தன. 2023 அக்டோபரில் லெபனான் எல்லையில் தொடங்கிய மோதலால் பார்வையாளர் வருகை குறைந்தது.