மாணவரும் ஊக்கமருந்தும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஆம்பெட்டமைன் 1887இல் பெர்லினில் உருவாக்கப்பட்டது. எனினும், 1930களில்தான் மருந்தாகப் பரவலாக விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் பென்செட்ரின் என்ற பெயரில் விற்கப்பட்ட இதை மினசோட்டா பல்கலைக்கழக உளவியலாளர்கள் மாணவர்களிடம் சோதித்தனர். தூக்கத்தை விரட்டும் என்று தெரிந்ததும், மாணவர்கள் தேர்வுக்காகக் கண்விழிக்க இதை உட்கொள்ளத் தொடங்கினர்.

1937இல் ரோட் தீவு மாநில மருத்துவர் சார்லசு பிராட்லி, நடத்தைச் சிக்கல் உள்ள சிறுவர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்தார். பலர் பாடங்களில் முன்னேறினர். கவனக்குறைவுக் கோளாறுக்கு இன்றும் இவ்வகை மருந்துகள் தரப்படுகின்றன. ஆனால் இவை அடிமைப்படுத்தக் கூடியவை என்பதால், 1971இல் அமெரிக்க அரசு ஆம்பெட்டமைனைக் கடும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

நோயில்லாத மாணவர் இதை உட்கொள்வது முறையா? தக்க ஆய்வுடனும் விதிகளுடனும் பெரியவர்களுக்கு அனுமதிக்கலாம் என 2008இல் நேச்சர் இதழில் அறிஞர் சிலர் எழுதினர். மருத்துவர் பரிந்துரையின்றிப் படிப்புக்காக உட்கொள்வது ஏமாற்று என 2011இல் டியூக் பல்கலைக்கழகம் விதி வகுத்தது.

நேர்மையோடு சிக்கல் முடிவதில்லை. சிலர் உட்கொண்டால், பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் மற்றவர்களும் உட்கொள்வர். ஒருவரின் விருப்பம் இவ்வாறு வகுப்புக்கே கட்டாயமாகிவிடக்கூடும். மாத்திரை விழிக்க வைக்கும், படித்துத் தராது.