அடைத்த கதவும் ஐயமும்

1896 செப்டம்பர் முதல் நாள், பதினாறு வயதுச் சிறுவர் ஒருவர் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். வீட்டில் விட்டுவந்த கடிதத்தில் கையொப்பத்திற்குரிய இடத்தில் கோடு மட்டுமே இருந்தது. இங்கும் அவர் பெயர் சொல்லவில்லை. பாதாள லிங்கத்தின் இருளில் மௌனமாக அமர்ந்தார். பின்னர்க் குருமூர்த்தத்தில் இருந்தபோது, தாலுகா அலுவலகக் கணக்கர் ஒருவர் விடாது வற்புறுத்தவே, தம் பெயரையும் திருச்சுழி என்ற ஊரையும் எழுதிக் காட்டினார். அவரே இரமண மகரிஷி.

பெயரை மறைத்தவரை இவ்வூர் குற்றவாளியாக்கவில்லை. ஆனால் அதே மாகாணத்தில் வேறு பலருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1871-இல் வடபுலத்தில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படாமலே, பிறப்பு ஒன்றையே காரணமாக்கிக் கைரேகை பதித்தனர். அதற்கு இணங்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். 1947-இல்தான் இம்மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது.

சட்டம் போயிற்று, ஐயம் போகவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் சான்று இல்லாமையால் கொள்ளை வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்; ஆயினும் காவலர் இரவில் அவர் கதவைத் தட்டினர். 1962-இல் உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகையைத் தடுத்தது. எனினும் அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்றே பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். அக்கருத்தை 2017 ஆகஸ்டு 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக மாற்றினர்.

இன்று நம் கைப்பேசிச் செய்திகள் பல, அனுப்புவோரும் பெறுவோரும் மட்டுமே படிக்கக்கூடிய மறைமொழியில் செல்கின்றன. ‘தவறு செய்யாதவர் ஏன் மறைக்க வேண்டும்?’ என்று கேட்கிறோம். தீயோரும் இக்கருவியைக் கையாள்வது உண்மையே. அவர்களைச் செயலால் கண்டுபிடித்து, சான்றால் மெய்ப்பிப்பது காவலரின் கடமை. ஆனால் திருடரும் கதவைத் தாழிடுகிறார் என்பதற்காகத் தாழிட்ட வீடுகளையெல்லாம் திருடர் வீடு என்போமா?

அறைக்குள் சென்று, கதவை அடைத்துச் செபிக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எந்தக் காரணத்திற்காகவும் வெளியிடலாகாது என்பது நம் திருச்சபையின் சட்டம். மறைவில் மனம் திரும்பலாம் என்று நம்பும் நாம், பிறர் மறைவை மட்டும் குற்றத்தின் அடையாளமாகக் காணலாமா? அடைத்த கதவின்முன் நிற்கும்போது நாம் முதலில் சோதிக்க வேண்டியது நம் ஐயத்தையே.