மலையும் நம் பாட்டும்

நிலத்துக்கும் இசைக்கும் உள்ள உறவைப் பண்டைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, மரம், புள் என்று கருப்பொருள் வகுத்த தொல்காப்பியர், பறையையும் யாழையும் அவற்றோடு சேர்த்தே வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, மருதத்துக்கு மணமுழவு, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பின்வந்த இலக்கண நூலார் விரித்துரைத்தனர். நிலம் மாறினால் இசையும் மாறும் என்பது இதன் கருத்து. இவ்வுண்மைக்கு நம் மலைநாட்டு மக்களின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1820ஆம் ஆண்டுகளில் இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1869இல் நம் ஊவா மாகாணத்து மடுல்சீமையில் முதன்முதல் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலைப் பயிர் அதன் இடத்தைப் பிடித்தது. பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924இல்தான்.

வந்தவர்கள் கொண்டுவந்த பொருள் சிறிது, பாட்டோ பெரிது. தாலாட்டும், நடவுப்பாட்டும், ஒப்பாரியும் அவர்களுடன் வந்தன. ஆனால் நடவு செய்ய இங்கே வயல் இல்லை. வயலைப் பாடிய வாய் கொழுந்தையும் கவ்வாத்தையும் பாடிற்று. பண்ணையாரைப் பாடிய இடத்தில் துரையும், கங்காணியும், கணக்கப்பிள்ளையும் வந்து நின்றனர். குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலைக்குச் சென்ற தாயின் ஏக்கம் தாலாட்டில் கலந்தது. மெட்டு ஊரினுடையது, சொல்லும் துயரும் மலையினுடையவை.

தப்பின் கதையும் அத்தகையதே. ஊரில் திருவிழாவுக்கும் சாவுக்கும் முழங்கிய தப்பு, இங்கே விடியுமுன் பிரட்டுக்கு ஆள் கூட்டவும் முழங்கிற்று. பகலில் தோட்டத்துக்குப் பணிந்த அத்தப்பே, மாசி மாதத்துக் காமன் கூத்தில் மக்களின் சொந்தக் குரலாயிற்று. லயத்து மக்கள் யாவரும் ஒன்றாய் வாழ்ந்து, வெளியுலகத் தொடர்பு குறைந்து கிடந்தமையால், காமன் கூத்தும், அர்ச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் அவர்க்குக் கல்விக்கூடமாகவும் பொழுதுபோக்காகவும் விளங்கின. இராப்பொழுதில் கூத்துக்களத்தில் அமர்ந்திருந்த சிறுவர் பாரதக் கதையைக் கேட்டறிந்தனர், தாளமும் கற்றனர்.

ஒரு குறையையும் மறைக்காமல் கூறவேண்டும். தப்படிப்போரைத் தாழ்வாக எண்ணும் தீய வழக்கமும் கடல் கடந்தே வந்தது. அவர் கைத்திறனை விழாவில் வேண்டி, அவரை மட்டும் விலக்கி வைப்பது அறமாகாது; சமயமும் ஆகாது. இக்கறை நீங்கினாலன்றி நம் கலை முழுமையாக நம்முடையது ஆகாது.

தோட்டங்களைப் பற்றிய ஏடுகளில் விளைச்சலும் ஆட்தொகையும் உண்டு. நம் மக்களின் நெஞ்சம் இல்லை. அதனை நாம் காண்பது பாடல்களில்தான். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை இதனை உணர்ந்து, மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் 1984இல் மறைந்தார். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாகப் பல குடும்பங்கள் பிரிந்து இந்தியா சென்றபோது, பாடத் தெரிந்தவர்களும், அவர்கள் நினைவிலிருந்த பாடல்களும் இம்மலையை விட்டுச் சென்றன.

எஞ்சியவை இன்று நம் பாட்டிமார் நினைவில் உள்ளன. வெலிமடையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் இளைஞர்களே! திரைப்பாடலைச் சுவைப்பது குற்றமன்று. ஆயினும் ஒரு மாலைப்பொழுது பாட்டியின் அருகே அமர்ந்து, ஒரு பாடலைக் கேட்டு, அதை எழுதி வையுங்கள். பெரியோர்களே! வெட்கப்படாமல் பாடிக் காட்டுங்கள். ஊவாவில் வீசும் கச்சான் காற்று நம் தேயிலைக்குத் தனி மணம் தருகிறது என்று உலகம் போற்றுகிறது. இம்மலை நம் பாட்டுக்குத் தந்த மணத்தை நாமன்றோ காக்க வேண்டும்!